புதுக் கேமராவும் சாயங்காலக் கல்யாணங்களும்

அந்தக் கேமரா எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தபோது தெருவில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்க ஆரம்பித்திருந்தார்கள். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கல்கத்தாவில், டாலிகஞ்ச் மெட்ரோவிலிருந்து உள்ளே போகும் சந்தில் எங்கள் ஸ்டுடியோ. முன்னறையில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஒரு ஸ்டூல், பின்னறையில் கம்ப்யூட்டர், நடுவில் துணி மறைப்பு. அந்தத் துணி மறைப்புக்குப் பின்னால் ஒரு காலத்தில் டார்க் ரூம் இருந்தது. எண்பதுகளின் ஆரம்பத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது அந்த இருட்டில்தான்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் பத்தாவதோடு நின்றுவிட்டேன். அவர் ஏதோ சொல்லிப் பார்த்தார், வேலைக்காக யாரிடமோ அழைத்துப் போனார், நான் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியாமல் திரும்பி வந்தேன். கேமராவுக்குப் பின்னால் நிற்பவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. எனக்கு அந்த வேலை பிடித்ததற்கு முதல் காரணம் அது. மற்றப் போட்டோகிராபர்கள் "சிரிங்க, சிரிங்க" என்று கத்துவார்கள். நான் இடது கையைக் கொஞ்சம் தூக்குவேன். அவர்களாகப் புரிந்துகொண்டு சிரித்துவிடுவார்கள்.

முதலாளியை நான் தாதா என்று கூப்பிடுவேன். இங்கே அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள். அவர் என்னை அண்ணா என்பார். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டே பல வருஷம் ஓட்டினோம். சம்பளம் மட்டும் ஒரு பக்கமிருந்து வந்தது.

கல்யாண வேலை முழுவதும் என்னிடம் இருந்தது. வங்காளிக் கல்யாணங்களை தாதா பிடித்து வருவார். தமிழ்க் கல்யாணங்கள் என்னைத் தேடி வந்தன. துறைமுகம், வங்கி, மத்திய சர்க்கார் ஆபீஸ் என்று மாற்றலில் வந்தவர்கள், பல தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள், எல்லோருக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் என் ஞாபகம் வரும். தாலி கட்டும்போது எந்தப் பக்கம் நின்றால் மாப்பிள்ளையின் முழங்கை மறைக்காது, நாத்தனார் மூன்றாவது முடிச்சுக்கு எந்தப் பக்கத்திலிருந்து குனிவாள் என்பதெல்லாம் இந்த ஊர்ப் போட்டோகிராபர்களுக்குத் தெரியாது. "நம்ம ஆள்" என்று சொல்வார்கள். பேசாதவன் என்றாலும் நம்ம ஆள்.

பிலிம் கேமராக்களைக் கொடுத்துவிட்டு அதற்கு மேலே பெரிய தொகை போட்டு தாதா அந்த டிஜிட்டல் கேமராவை எடுத்தார். அந்தக் கம்பெனியின் மிக உயர்ந்த வகைகளில் ஒன்று, அப்போதுதான் வெளியே வந்தது. நம் ஆயுத பூஜை போல இங்கே கருவிகளுக்குச் செய்யும் விஸ்வகர்மா பூஜை நெருங்கியிருந்ததால் அதுவரை பெட்டியைப் பிரிக்கவில்லை. பூஜை அன்று கம்ப்யூட்டர், லைட் ஸ்டாண்டு, குடை எல்லாவற்றுக்கும் நடுவே அதை வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, குங்குமம் வைத்தார். குங்குமம் லென்ஸ் வளையத்தின் இடுக்கில் போய்விட்டது. அதைக் காது குடையும் குச்சியால் துடைத்து எடுத்ததுதான் அந்தக் கேமராவுக்கு நான் செய்த முதல் வேலை.

பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை இருந்தது. பரிசோதித்து அனுப்பியது என்று இங்கிலீஷில் அச்சிட்டு, கீழே யாரோ கையால் ஒரு கீற்று போட்டிருந்தார்கள். எங்கேயோ ஒருவர் இதைக் கண்ணில் வைத்துப் பார்த்திருக்கிறார், சரியாக இருக்கிறது என்று தலையாட்டியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு விலையுள்ள பொருளை ஒவ்வொன்றாகப் பார்க்காமலா அனுப்புவார்கள்.

ஐப்பசியில் முதல் கல்யாணம், ஏரிப் பக்கத்து மண்டபத்தில். தமிழ்க் கல்யாணம், காலை முகூர்த்தம். கிழக்கு ஜன்னலிலிருந்து வெயில் மேடைக்கு வந்தது. மறுநாள் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பெண்ணின் இமை முடி தனித்தனியாகத் தெரிந்தது. தாலிக் கயிற்றின் முறுக்கு தெரிந்தது. தாதா என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்தப் படத்தைப் பெரிய அளவில் போட்டு வாசல் கண்ணாடிக்குள் மாட்டினார்.

அக்ரஹாயணம் பிறந்ததும் வங்காளிக் கல்யாணங்கள் தொடங்கின. நமக்கு அது கார்த்திகை. வங்காளிக் கல்யாணம் பொழுது சாய்ந்த பிறகுதான். பெண்ணை ஒரு மணையில் உட்கார வைத்து அண்ணன் தம்பிகள் தூக்கி வருவார்கள். அவள் இரண்டு வெற்றிலையால் முகத்தை மறைத்திருப்பாள். மாப்பிள்ளையை ஏழு சுற்று சுற்றியதும் வெற்றிலையை விலக்கி அவன் கண்ணைப் பார்ப்பாள். சுபதிருஷ்டி என்பார்கள். ஆல்பத்தில் முதல் பக்கம் அதுதான்.

கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரையில் அந்தப் படம் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் கம்ப்யூட்டரில் திறந்தால் பெண்ணின் கண் மங்கல். அவள் முகத்தில் எந்த இடத்திலும் கூர்மை இல்லை. அவளுக்கு ஒரு சாண் பின்னால் மணையைப் பிடித்திருந்த அண்ணனின் கைக்கடிகாரத்தில் மணி படிக்க முடிந்தது.

கை அசைந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த கல்யாணத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். மறுபடியும் அதுதான். மாப்பிள்ளையின் மூக்கு மங்கல், காது தெளிவு. மாமியார் மங்கல், மாமியாருக்குப் பின்னால் ரசகுல்லாத் தட்டோடு போனவர் தெளிவு. லென்ஸைக் கையால் திருப்பிப் பார்த்தேன். பழைய கேமராவில் உள்ளே பார்த்தால் நடுவில் பிளந்த வட்டம் ஒன்று இருக்கும். இரண்டு பாதியும் ஒட்டினால் ஃபோகஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். புதியதில் அது இல்லை. தானாகவே பார்த்துக்கொள்ளும் கேமராவுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அதே மாதத்தில் நடுநடுவே தமிழ்க் கல்யாணங்களும் எடுத்தேன். அவை கண்ணாடி மாதிரி வந்தன.

ஒருநாள் தாதா மேஜைமேல் படங்களை இரண்டு வரிசையாகப் பரப்பினார். ஒரு பக்கம் பட்டுப்புடவையும் மல்லிகையும், மறுபக்கம் வெள்ளை நெட்டி மகுடமும் சந்தனப் பொட்டும். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னால் நல்ல செய்தி இருக்காது.

"அண்ணா, இதப் பாரு. உங்க ஆளுங்க வீட்டுக் கல்யாணம். ஊசி மாதிரி இருக்கு. இதப் பாரு, எங்க ஆளுங்க. எல்லாரும் மூடுபனிக்குள்ள நிக்கறாங்க. கல்யாணம் டார்ஜிலிங்லயா நடந்துச்சு?"

நான் படங்களைப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருந்தது.

"கேமரா ஒண்ணு. கை ஒண்ணு. அப்புறம் எப்படி?"

"தெரியலை தாதா."

"எனக்குத் தெரியும். அங்க மனசு இருக்கு, இங்க இல்ல. அங்க சாம்பார் கிடைக்குது, இங்க மீன் குழம்பு."

"நான் மீன் சாப்பிடுவேன் தாதா."

"அதுதான் எனக்குப் புரியல," என்று அவர் சிரிக்காமல் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு வீட்டுல பாதிப் பணம் பிடிச்சுட்டாங்க. இன்னொரு வீட்டுல பொண்ணோட மாமா வந்து கத்திட்டுப் போனார். மாக மாசம் சீசன் வருது. மறுபடியும் இப்படி ஆச்சுன்னா நீ முன்னறைல ஸ்டூல்கிட்ட உக்காரு. பாஸ்போர்ட் போட்டோ எடு. கல்யாணத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்," என்றார்.

பாஸ்போர்ட் ஸ்டூலுக்கு எதிரே நிற்பவன் பேச வேண்டும். தலையைத் தூக்குங்க, காதைக் காட்டுங்க, கண்ணாடியைக் கழட்டுங்க என்று நாள் முழுவதும் சொல்ல வேண்டும். அதைவிட, கல்யாணம் போய்விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

கேமராவில் கோளாறு இருக்கலாம் என்று அப்போதுதான் வாயைத் திறந்து சொன்னேன். தாதா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பழைய கேமரா என்றால் நம்பியிருப்பார். புதியது, அதிலும் உயர்ந்தது, அதிலும் கோளாறு என்றால் ஆள் சாக்குச் சொல்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனாலும் வாரண்டி இருக்கிறது, போய்க் காட்டு என்றார்.

சர்வீஸ் சென்டர் சௌரங்கிப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. மெட்ரோவில் போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உள்ளே ஏஸி, குழல் விளக்கு, வழவழப்பான கவுண்டர். கவுண்டரில் இருந்தவருக்கு என் வயது இருக்கும். மரியாதையானவர். நான் பாதி சொல்வதற்குள் கேமராவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கறுப்புக் கோடுகள் போட்ட ஒரு பலகை சுவரில் மாட்டியிருந்தது கண்ணாடி வழியே தெரிந்தது. அதை மூன்று நான்கு படம் எடுத்தார். திரும்பி வந்து கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"ஒரு குறையும் இல்ல. பாருங்க."

கோடுகள் கத்தி மாதிரி இருந்தன.

"கல்யாணத்துல..." என்றேன்.

"கல்யாணத்துல ஆளுங்க அசைவாங்க. இந்தப் பலகை அசையாது," என்று சொல்லிச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர் ஒரு அடி முன்னால் வந்தார். நான் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கொண்டு போயிருந்த மங்கல் படங்கள் பையிலிருந்து வெளியே வரவே இல்லை.

மார்கழியில் நமக்குக் கல்யாணம் கிடையாது. வங்காளிகளுக்கும் அது பௌஷ மாதம், கல்யாணம் செய்ய மாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒன்று. அந்த ஓய்வு மாதத்தில் தாதா சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு, எனக்குத் தெரிந்த வங்காளி வசவுகளில் பாதியை ஒரே மூச்சில் சொன்னார். அதனால் கேமராவையும் என் மங்கல் படங்களையும் வாங்கி வடக்கே தங்கள் பெரிய சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார்கள். போனை வைத்ததும் தாதா என் பக்கம் திரும்பினார்.

"கேமரா டாக்டர்கிட்ட போயிருக்கு. நீயும் போ."

"எனக்கு என்ன தாதா?"

"வயசு நாப்பத தாண்டிடுச்சுல்ல? காலைல கண்ணு தெரியும், சாயங்காலம் தெரியாது. எங்க மாமாவுக்கு அப்படித்தான் ஆரம்பிச்சது."

வீட்டில் சொன்னபோது மனைவி கிண்டலாக, "அவர் சொல்றது சரிதாங்க. போன வாரம் உளுந்துல கல்லு பொறுக்கச் சொன்னேன். உளுந்தப் பொறுக்கிப் போட்டுட்டுக் கல்ல வெச்சிட்டீங்க," என்றாள்.

"விளக்கு சரியில்ல."

"கேமராவுக்கும் விளக்கு சரியில்லன்னு சொல்லுங்க."

கண் டாக்டர் வெள்ளெழுத்து என்றார். கண்ணாடி போட்டார்கள். போட்டதும் செய்தித்தாள் எழுத்து பெரிதாக எழுந்து வந்தது. இத்தனை நாள் நான் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பயமாகிவிட்டது. அந்தப் பெண்களின் கண்களை மங்க வைத்தது நான்தானோ என்று அதற்குப் பிறகு நிஜமாகவே நினைக்க ஆரம்பித்தேன். கேமராவை நம்புவதா, என்னை நம்புவதா என்று கேட்டால், பரிசோதித்து அனுப்பியது என்று அட்டை அதோடுதான் வந்திருந்தது. என்னோடு வரவில்லை.

மாக மாதம், நமக்குத் தை, பிறக்கும் சமயத்தில் கேமரா திரும்பி வந்தது. சரி செய்யப்பட்டது என்று ஒரு வரி. என்ன சரி செய்தார்கள் என்று இல்லை. முதல் வேலை ஹவுராவில் ஒரு வங்காளிக் கல்யாணம், அந்தி வேளை லக்னம். எங்களோடு எப்போதும் வரும் வீடியோக்காரர் டாலிகஞ்ச் சினிமா ஸ்டுடியோவில் லைட் பிடித்தவர். அங்கே கழித்துப் போட்ட பெரிய விளக்கு ஒன்றை வைத்திருந்தார். போட்டால் கூடம் முழுவதும் மஞ்சளாகக் காயும். ஐயர் முதற்கொண்டு வியர்த்துவிடுவார். அந்த வெளிச்சத்தில் நான் மூக்கில் கண்ணாடியோடு எடுத்தேன். மறுநாள் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

பெண் வெற்றிலையை விலக்கியிருந்தாள். அவள் கண்ணுக்குள் மாப்பிள்ளையின் மகுடம் சின்னதாகத் தெரிந்தது.

தாதா பெரிய சத்தமெல்லாம் போடவில்லை. என் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, தன் சட்டை நுனியால் துடைத்துத் திரும்பப் போட்டுவிட்டார். "சொன்னேன்ல," என்றார்.

கேமராவும் கண்ணும் ஒரே நேரத்தில் டாக்டரிடம் போய் ஒரே நேரத்தில் திரும்பியதில் எது குணமானது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டூலுக்குப் போக வேண்டாம், கல்யாணம் என்னிடம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அதே தை மாதத்தில் ஒரு வங்கி அதிகாரியின் பெண்ணுக்குக் கல்யாணம். அதே ஏரிப் பக்கத்து மண்டபம், அதே கிழக்கு ஜன்னல். வாசலில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி வேணும்" என்று கேட்டு வந்தவர்கள். கெட்டிமேளம் முழங்கியபோது நான் என் இடத்தில் நின்றேன். முழங்கை மறைக்கவில்லை. நாத்தனார் குனிந்தாள். எல்லாம் அதனதன் நேரத்தில் நடந்தது.

மறுநாள் அந்தப் படத்தில் தேங்காய் தெரிந்தது. மணமக்களுக்கு முன்னால் தாம்பாளத்தில் வைத்திருந்த தேங்காய். அதன் குடுமியை நார் நாராக எண்ணலாம். அதற்குப் பின்னால், தாலியும் பெண்ணும் மாப்பிள்ளையும் நாத்தனாரும் தண்ணீருக்குள் இருப்பது போல் இருந்தார்கள். நான் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன். காலையில் எடுத்த எல்லாப் படமும் அப்படித்தான். முன்பு பின்னால் விழுந்த ஃபோகஸ் இப்போது முன்னால் விழுந்திருந்தது.

தாதா வந்து பார்த்தார். "இப்ப நீ முழு வங்காளி ஆயிட்ட," என்றார். அவருக்கே அந்தக் கிண்டல் நடுவில் நின்றுபோய்விட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பெண்ணின் அப்பாவும் அம்மாவும், கல்யாணமான பெண்ணும் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்தார்கள். தள்ளிப் போட வழியில்லை. பெண் மறுவாரம் மாப்பிள்ளையோடு பெங்களூருக்குப் போகிறாள். ஒவ்வொரு படமாகக் காட்டினேன். தாலி கட்டும் படம் வந்ததும் மூன்று பேரும் முன்னால் குனிந்தார்கள்.

"இது இன்னும் சரியா வரலையா சார்?" என்று அப்பா கேட்டார், கம்ப்யூட்டர் இன்னும் ஏதோ செய்துகொண்டிருக்கிறது என்று நினைத்து.

"வந்தது அவ்வளவுதான் சார்."

"அங்கிள், இதுல நான் எங்க?" என்றாள் பெண். கல்கத்தாவில் வளர்ந்தவள், தமிழை யோசித்து யோசித்துப் பேசுவாள். "நாரிகேல்தான் தெரியுது."

தாதாவுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் நாரிகேல் புரிந்தது. வங்காளியில் தேங்காய்க்கு அதுதான். நிலைமையைச் சமாளிக்க அவர் முன்னால் வந்தார். வங்காளிக் கல்யாணத்தில் சுபதிருஷ்டி படம் சரியாக வராவிட்டால் பெண்ணை மறுபடி வெற்றிலை பிடிக்கச் சொல்லி எடுப்பது உண்டு. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், சிரித்துக்கொண்டே செய்வார்கள். அந்தப் பழக்கத்தில் அவர் நல்ல மனதோடு பெண்ணின் அம்மாவிடம் வங்காளியில் சொன்னார்.

"அக்கா, கவலப்படாதீங்க. மாப்பிள்ளை ஊர்லதானே இருக்கார்? அதே புடவையைக் கட்டிட்டு வரச் சொல்லுங்க. அந்தக் கயித்த அவுத்துட்டு இன்னொரு தடவை கட்டச் சொல்லுவோம். பத்து நிமிஷ வேலை."

அம்மாவின் கை தானாகப் போய் மகளின் கழுத்தை மூடியது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். தாதா நான் ஏதாவது சொல்வேனா என்று என்னைப் பார்த்தார். அவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். அவருக்கு இவர்களைப் புரியவைக்கவும், இவர்களுக்கு அவரைப் புரியவைக்கவும் அந்த அறையில் இரண்டு பக்கத்து வழக்கமும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் கம்ப்யூட்டரில் அடுத்த படத்தைத் திறந்தேன்.

"அவருக்குத் தெரியாது. உங்களுக்குமா சார் தெரியாது?" என்றார் பெண்ணின் அப்பா. "வெளி ஆளுங்க வேண்டாம், நம்ம ஆள்னு சொல்லித்தானே உங்ககிட்ட வந்தோம்."

கடைசியில் வீடியோ கேசட்டிலிருந்து ஒரு காட்சியை நிறுத்தி எடுத்து அந்தப் பக்கத்துக்குப் போட்டோம். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது, அதனால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியதாக வைத்துச் சுற்றிலும் பூ டிசைன் போட்டோம். ஆல்பத்தை வாங்க அவர்கள் வரவில்லை, ஆள் அனுப்பினார்கள். வாரம் முடிவதற்குள், தைக்கு என்று பேசியிருந்த இன்னொரு தமிழ் வீட்டுக்காரர் வேறு ஏற்பாடு ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டார். "கோயில்ல எல்லாரும் அதத்தான் பேசறாங்க. தேங்காய் படம்னு," என்று மனைவி கிண்டலில்லாமல் சொன்னாள்.

மாசிக்கு ஒரே ஒரு வீடு மிச்சமிருந்தது. விசாகப்பட்டினத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று நான்கு மாதமே ஆன துறைமுக அதிகாரி. எங்கள் கட்டடத்தில் கீழ் வீடு. ஊரில் அவருக்கு இன்னும் யாரையும் தெரியாது. அந்தக் கல்யாணமும் தேங்காயாகப் போனால் இந்த ஊரில் தமிழ் வீட்டு மண்டபத்தில் நான் கால் வைக்க முடியாது. கேமராவை எடுத்துக்கொண்டு மறுபடி சௌரங்கிக்குப் போனேன்.

கவுண்டரில் அதே மனிதர். இந்த முறை மங்கல் படங்களை முதலில் எடுத்து வைத்தேன். சாயங்காலத்துப் பழைய படங்களை ஒரு பக்கமும் தேங்காயை ஒரு பக்கமும் வைத்தேன். பேச வேண்டாமே என்று அப்படிச் செய்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னால் வரிசை இல்லாத நேரம். என்னை உள்ளே கூப்பிட்டார்.

ஜன்னல் திரையை விலக்கி, பகல் வெளிச்சத்தில் அந்தக் கோட்டுப் பலகையை எடுத்தார். பிறகு திரையை மூடி, குழல் விளக்கை அணைத்து, யாருடைய மேஜையிலிருந்தோ ஒரு குண்டு பல்பு விளக்கைக் கொண்டு வந்து அதன் மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்தார். இரண்டையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பகலில் எடுத்தது மங்கல். பல்பில் எடுத்தது கத்தி.

"பாத்தீங்களா. வெளிச்சம் மாறினா ஃபோகஸ் கொஞ்சம் நகரும். எல்லா கேமராவுலயும் துளி இருக்கும். உங்க பீஸ்ல நிறைய இருக்கு. மொதல்ல பகலுக்குச் சரியா வந்திருக்கு. வடக்க உங்க ராத்திரிப் படத்தப் பாத்துட்டு மஞ்ச வெளிச்சத்துக்குத் திருப்பி வெச்சுட்டாங்க. பகல் போயிடுச்சு."

என் கண் இல்லை. என் மனசும் இல்லை. அதைக் கேட்டதும் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். அது வரவில்லை.

"மத்தவங்க வாங்கின இதே மாடல்?" என்று கேட்டேன்.

"சிலது நல்லாருக்கு. சிலது இப்படி. புது மாடல் வந்தா மொதல்ல வர்றதுல இப்படிச் சிலது வரும்."

"பரிசோதனை பண்ணி அனுப்பறாங்களே."

"பண்றாங்க. ஒரு வெளிச்சத்துல பண்றாங்க."

மெட்ரோவில் பழகி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "வாங்கி ஆறு மாசம்கூட ஆகல. வேற ஒண்ணு மாத்தித் தர முடியாதா?"

அவர் பதில் சொல்வதற்கு முன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார். "நான் எழுதலாம். கம்பெனி வெச்ச அளவுக்குள்ளதான் இருக்குன்னு பதில் வரும். எனக்குத் தெரிஞ்சு மூணு பேருக்கு எழுதினேன். மூணு பேருக்கும் அதே பதில்தான்." பிறகு கேமராவைக் கையில் எடுத்து, "இங்கயே நான் திருப்பித் தர்றேன். ஆனா ஒரு பக்கம்தான் திருப்ப முடியும். காலையா, சாயங்காலமா, எது வேணும்னு சொல்லுங்க," என்றார்.

"நடுவுல வெச்சா?"

"ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் கெடும்."

தாதாவுக்கு போன் செய்ய அனுமதி கேட்டேன். கேமராவில்தான் கோளாறு என்பதை முதலில் சொன்னேன். "சரி சரி," என்றார், மழை வருகிறது என்று யாரோ சொன்னது போல. காலை, சாயங்காலம் விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணா, இதுல கேக்க என்ன இருக்கு? பங்குனி வரைக்கும் நம்ம கைல இருக்கற கல்யாணத்த எண்ணிப் பாரு. காலைல எது? ஒண்ணே ஒண்ணு. அதுவும் உங்க ஆளு. நீ சொன்னா புரிஞ்சுப்பார்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கவுண்டர்காரர் கையில் சின்னத் திருப்புளியோடு காத்திருந்தார்.

"சாயங்காலம்," என்றேன்.

"அப்ப இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும். நான் ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல," என்று லென்ஸ் மூடியைப் போட்டு என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கீழ் வீட்டுக் கதவைத் தட்ட நினைத்து, தட்டாமல் மாடிக்குப் போய் போன் செய்தேன். நேரில் என்றால் முகத்தைப் பார்க்க வேண்டும். ஃபோகஸ், வெளிச்சம், பீஸ் எல்லாவற்றையும் சொல்லத்தான் எடுத்தேன். அவருடைய குரல் கேட்டதும் வேறு ஒன்று வாயில் வந்தது.

"சார், கல்யாணத்தன்னிக்கு எனக்கு ஸ்டுடியோவுல வேற வேலை வந்துடுச்சு. நீங்க வேற யாரையாவது..."

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? எனக்கு இந்த ஊர்ல உங்களைத் தவிர யாரைத் தெரியும்? என்ன வேலை?"

"ஒரு வங்காளிக் கல்யாணம்."

"அவங்க கல்யாணம் சாயங்காலம்தானே?"

"ஆமாம் சார்."

"அப்ப காலைல என்ன பண்றீங்க?"

காலையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அதைத்தான் சொன்னேன்.

"அப்புறம் என்ன, பயமுறுத்திட்டீங்களே," என்று அவர் சிரித்தார். உள்ளே மனைவியிடம், "அவர் வர்றார், வர்றார்," என்று சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், "அஞ்சரைக்குக் கீழ வந்துடுங்க சார், ஒரே வண்டில போயிடலாம். ஏழரைக்கு முகூர்த்தம்," என்று சொல்லி போனை வைத்தார்.